நீல டிரம்களும் நீர்நாய்களும்

“மோந்து பாருங்க அக்கா. மீன் வாசம் வந்துச்சுன்னா அதுதான்” என்றாள் ஷாஹிதா.

மோந்து பார்த்தேன். கோப்பெங்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஈயச்சுரங்கக் குட்டையின் கரை அது. காலை ஒன்பது மணி வெயில். மணலில் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் ஊன்றி, கருப்பாகப் பிசுபிசுவென்று கிடந்த ஒன்றின்மேல் மூக்கை வைத்திருந்தேன். உள்ளே செதிலும் முள்ளுமாக மின்னியது. கருவாடு ஆக்கிய சட்டியைக் கழுவாமல் மூன்று நாள் மூடிவைத்துத் திறந்தால் ஒரு வாசம் வருமே, அந்த வாசம்.

“மீன்தான்” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று அவள் கைதட்டினாள்.

நீர்நாயின் எச்சத்தைப் பார்த்து இறைவனுக்கு நன்றி சொன்ன ஒருத்தியை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன்.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் பள்ளி வேன் ஓட்ட லைசன்ஸ் எடுத்த கதையை எழுதியிருந்தேன். “பிள்ளைகளை இறக்கிவிட்டு மத்தியானம் வரைக்கும் என்ன செய்வீங்க? தூங்குவீங்களா?” என்று தைப்பிங்கிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். கிட்டத்தட்ட ஒன்றரை வருடம் நான் செய்த வேலை இதுதான் அம்மா. குட்டை குட்டையாகப் போய் நீர்நாய் எச்சம் பொறுக்கினேன்.

மழைக்கோட்டு ஆகாது

எங்கள் வீடு ஈப்போவில், புந்தோங் பக்கம். ஏழரைக்குப் பிள்ளைகளை இறக்கினால் மறுபடி ஒரு மணிக்குத்தான் வேலை. ஒருநாள் பெட்ரோல் கடையில் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது, தலையில் துண்டு கட்டிய ஒரு பெண் என் வேனைச் சுற்றிச்சுற்றி வந்தாள். சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். பிறகு தமிழில் கேட்டாள்.

“அக்கா, இது மணல்ல போகுமா?”

“நான் ஓட்டுனா எதுலயும் போகும்லா. ஏன்?”

அவள்தான் டாக்டர் ஷாஹிதா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, பல்கலைக்கழக ஆராய்ச்சி டாக்டர். தைப்பிங்கில் அவளுடைய அத்தா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவளுடைய சின்னக் கார் குட்டைக்கரை மணலில் இரண்டு முறை புதைந்து, இரண்டு முறையும் டிராக்டர் வந்து இழுத்ததாம். காலையில் சும்மா நிற்கிற வேன் ஒன்று அவளுக்குத் தேவைப்பட்டது. சும்மா இருக்க முடியாத ஓட்டுநர் ஒருத்தியும் சேர்ந்தே கிடைத்தாள்.

முதல்நாளே அவள் ஒரு பட்டியல் கொடுத்தாள். குட்டைக்கு வரும் அன்று முகத்துக்குக் கிரீம் பூசக்கூடாது. புதுத்துணி கூடாது, பலமுறை துவைத்த பருத்தித் துணிதான். மழைக்கோட்டு கூடவே கூடாது. கடைக் காகிதத்தில் மடித்த நாசி லெமாக் சோற்றைக் கையால் தொடக்கூடாது, வாழை இலையில் மடித்தது என்றால் பரவாயில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏம்மா, குட்டைக்குப் போறோமா, சாமிமலை ஏறப்போறோமா?”

“நாம தேடுற சாமான் இது எல்லாத்துலயும் இருக்கு அக்கா. நம்ம மேலேருந்து ஒரு துளி பாட்டில்ல விழுந்தாலும் குட்டைல இருக்குன்னு பொய்க்கணக்கு வந்துரும்.”

மலேசியாவில், அதுவும் பேராக்கின் மழைக்காலத்தில், மழைக்கோட்டு இல்லாமல் வேலை செய்வதென்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் நனைந்த நனையல் இருக்கிறதே! இரண்டு பேரும் சொட்டச்சொட்ட வேனுக்குள் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் குடிப்போம். அப்படிக் குடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் அவள் எனக்குப் புரியும்படி சொன்னாள்.

மனிதன் உண்டாக்கிய சில ரசாயனங்கள் இருக்கின்றன. சட்டியில் தோசை ஒட்டாமலிருக்க, துணியில் தண்ணீர் ஊறாமலிருக்க, காகிதத்தில் எண்ணெய் இறங்காமலிருக்க என்று ஆசைஆசையாகச் செய்தவை. கரியும் ஃபுளோரினும் கைகோத்துக்கொண்ட கட்டு அது. வெயில் அதைப் பிரிக்காது, மழை கரைத்து அழிக்காது, மண்ணில் இருக்கிற கிருமி தின்று தீர்க்காது. தண்ணீரில் கொஞ்சம் இருந்தால் புழுவுக்குள் இன்னும் கொஞ்சம் சேரும். புழுவைத் தின்னும் குட்டிமீனில் அதைவிடக் கூடுதல். குட்டிமீனைத் தின்னும் பெரிய மீனில் இன்னும் கூடுதல். கடைசியில் பெரிய மீனையே நாள்முழுக்கத் தின்கிற நீர்நாய்.

“அதோட ரத்தத்துலயும் ஈரல்லயும் போயி உக்காந்துக்கும் அக்கா. சீக்கிரம் எறங்காது.”

“வாடகைக்கு வந்துட்டு வீட்டைக் காலி பண்ணாத ஆளு மாதிரின்னு சொல்லு.”

“அதேதான்!” என்று அவள் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். அடுத்த மாதம் ஏதோ கூட்டத்தில் அதை அப்படியே பேசிக் கைதட்டு வாங்கினாளாம். எனக்குப் பங்கு தரவில்லை.

நீர்நாயைப் பிடித்து ரத்தம் எடுப்பது பெரிய வேலை, அதற்கும் பாவம். ஆனால் நீர்நாய்க் குடும்பம் ஒரே இடத்தைக் கக்கூஸாக வைத்துக்கொள்ளும். அங்கே போய்ப் பொறுக்கினால் யாருக்கும் தொந்தரவில்லை. அதோடு தண்ணீரும் எடுப்போம், சில மீன்களின் ஈரலும் எடுப்போம். ஐந்து குட்டைகள் எங்கள் கணக்கு. எல்லாம் ஒரு காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளங்கள். மழை நிறைத்து, இப்போது நீலப்பச்சையாகக் கிடக்கின்றன.

தொந்தரவு யாருக்கென்றால் எனக்குத்தான். ஐஸ் பெட்டிக்குள் மூடித்தான் வைப்போம், ஆனாலும் அந்த வாசம் வேனின் சீட்டில் ஏறிவிட்டது. ஒருநாள் ஒரு பிள்ளையின் அம்மா கதவருகே வந்து, “அக்கா, கோவிச்சுக்காதீங்க, வேன்ல கருவாடு யாவாரம் ஏதும் செய்றீங்களா?” என்று கேட்டாள். ஆராய்ச்சி என்று சொன்னேன். நம்பவில்லை. மறுநாள் இருபது எலுமிச்சம்பழத்தை வெட்டி சீட்டுக்கடியில் வைத்தேன். அதற்குப் பிறகு கருவாடும் எலுமிச்சையும் சேர்ந்து மணந்தது. பிள்ளைகள் ஊறுகாய் வேன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டிரம்மைத் தூக்கிப்போடாத குடும்பம்

ஐந்தாவது குட்டை என் அண்ணன் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அண்ணன் பெயர் தேவன். முப்பது வருடம் எண்ணெய் எடுக்கும் செம்பனைப் பழ லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். நாங்கள் பிறந்த பால்மர ரப்பர்த் தோட்டம் செம்பனையாகி, அதுவும் போய் வீடமைப்புப் பகுதியாக மாறியபோது, அண்ணன் கடைசி வரிசையில் ஒரு வீடு வாங்கினார். பின்கதவைத் திறந்தால் குட்டை. அதற்காகவே வாங்கினார்.

குட்டையில் அவருக்கு ஒரு மிதவை உண்டு. எட்டு நீல டிரம்களைக் கட்டி, மேலே பலகை அடித்து, அதற்கும் மேலே தகரக் கூரை போட்டு, ஒரு நாற்காலியும் வானொலியும் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் கரைக்கு வருவார். நீர்நாய்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. தகர டின்னைத் தட்டி விரட்டுவார். “ஏழு பேர் கொண்ட கும்பல் தங்கச்சி. ஒரு நாளைக்கு நான் புடிக்கறத அரை மணி நேரத்துல தின்னுட்டு மல்லாக்கப் படுத்து என்னையே பாக்குதுங்க!”

இந்த டிரம் சமாச்சாரத்தை இங்கே கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பம் டிரம்மைத் தூக்கிப்போடாது. அம்மா தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலை பார்த்தார். முதுகில் டாங்கி, கையில் குழாய், வாயில் ஒரு துணி. மாலையில் அம்மா பக்கத்தில் வந்தாலே மருந்து வாசம் வரும். காலியான மருந்து டிரம்களை ஸ்டோரிலிருந்து கேட்டு வாங்கி வருவார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு டிரம் இருக்கும். மழைத்தண்ணீர் பிடிப்போம், குளிப்போம், அரிசி கூடக் கழுவுவோம். மூன்றுமுறை அலசினால் சுத்தம் என்பது லயத்தின் சட்டம். மூன்று என்பதை யார் முடிவு செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஷாஹிதாவிடம் இதைச் சொன்னபோது, அவள் பாட்டிலை மூடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“அரிசியா அக்கா?”

“அரிசிதான். பாரு, இன்னும் வேன் ஓட்டிட்டுதான் இருக்கேன்.”

அவள் சிரிக்கவில்லை.

விரால் சூப்பு

அந்த வருடம் என் மகள் யாமினிக்கு ஈப்போ ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை பிறந்தது. ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். நம் ஊரில் வயிற்றைக் கிழித்த உடம்புக்கு விரால்மீன் சூப்புதான் மருந்து, தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோருக்கும் இதில் ஒரே கட்சி. மலாயில் ஹாருவான் என்கிற இந்த மீன் சூப்பைக் குடித்தால் தையல் சீக்கிரம் கூடும் என்பார்கள்.

தாய்மாமன் சும்மா இருப்பாரா? மூன்றாம் நாளே வாளியோடு வந்துவிட்டார். கை நீளத்துக்கு இரண்டு விரால், உயிரோடு. அவரே அறுத்து, இஞ்சியும் மிளகும் தட்டிப்போட்டு, அவரே அடுப்பில் வைத்து, அவரே கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தார். யாமினி குடித்து முடிக்கும்வரை எதிரில் நின்றார். வாரம் இரண்டு தடவை இது நடந்தது.

மூன்றாவது வாரம் வேனில் போகும்போது, பெருமையாக இதை ஷாஹிதாவிடம் சொன்னேன். அவள் மடியிலிருந்த நோட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“எந்தக் குட்டை மீனு அக்கா?”

“அண்ணன் குட்டைதான். ஏன்?”

“ரிசல்ட் இன்னும் வரல. நான் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா வர்ற வரைக்கும் வேற மீன் குடுங்களேன். எனக்காக.”

வேனை ஓரம் கட்டினேன். ஒரு வருடத்துக்கும் மேலாக அவளோடு இந்த விஷயத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். புழு, குட்டிமீன், பெரிய மீன், நீர்நாய் என்று வரிசையாக ஒப்பிப்பேன். அந்த வரிசையில் பெரிய மீனுக்கு அடுத்து என் மகளும், அவளிடம் பால் குடிக்கிற பச்சைக் குழந்தையும் உட்கார்ந்திருப்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

அன்று சாயங்காலம் அண்ணனிடம், “கொஞ்ச நாளைக்கு மீன் வேணாம்ணே” என்றேன். காரணத்தையும் சொன்னேன்.

“என் மீனையா சொல்ற?” என்றார். “என் கையால புடிச்ச மீனு. அந்தக் குட்டைக்கு ஃபேக்டரி தண்ணி வருதா? சாக்கடை வருதா? மழைத்தண்ணிலா அது!”

“தெரியும்ணே. ரிசல்ட் வரட்டும்னுதான்...”

“நாயி பீயப் பொறுக்குற புள்ள சொல்லுது, நீ அண்ணன நம்ப மாட்டேங்கற.” வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இரண்டு வாரம் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. அண்ணி மட்டும் எடுத்து, “குளிக்கிறாரு” என்பார். இரண்டு வாரத்தில் அண்ணன் குளித்த குளியலுக்கு ஈப்போவில் தண்ணீர்ப் பஞ்சம் வந்திருக்க வேண்டும்.

நுரைத் தாடி

ரிசல்ட் வந்தது. ஷாஹிதா போனில் சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்கே வந்தாள். நான்கு குட்டைகளில் இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்குத்தான் இருந்தது. ஐந்தாவது குட்டையில் தண்ணீர், மீன் ஈரல், நீர்நாய் எச்சம் மூன்றிலுமே நிறைய. ஒரே ரகம். அது சட்டியிலிருந்து வந்ததில்லை, மழைக்கோட்டிலிருந்து வந்ததுமில்லை. எண்ணெய்த் தீயை அணைக்க அடிப்பார்களே ஒரு நுரை, அந்தப் பழைய நுரைமருந்தின் கலவைதான் அது.

“இந்தப் பக்கம் எப்பவாவது பெட்ரோல் லோரி கிரி தீப்புடிச்சிச்சா அக்கா?”

எனக்குத் தெரிந்து இல்லை. யாமினி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, “நான் பால் குடுக்கலாமா, கூடாதா?” என்று கேட்டாள்.

“நான் மருந்து டாக்டர் இல்ல யாமினி. வா, இப்பவே கேட்ருவோம்” என்று ஷாஹிதா எழுந்தாள்.

கிளினிக்கில் அந்த டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். மூன்று வாரச் சூப்புக்குப் பயந்து தாய்ப்பாலை நிறுத்தாதே, பாலால் வரும் நன்மைதான் பெரிது, அந்தக் குட்டை மீனை மட்டும் இனித் தொடாதே என்றார். குழந்தையைத் தூக்கிப் பார்த்து, “இவ்ளோ கனமா!” என்று சிரித்தார். யாமினி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நான் வெளியே வந்து வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன். எலுமிச்சை வாசத்தில் அழுவது ஒன்றும் சுகமாக இல்லை.

நுரை எங்கிருந்து வந்தது என்பது மட்டும் தெரியவில்லை. ஷாஹிதா குட்டையைச் சுற்றிச்சுற்றி நடந்தாள். ஓடை ஏதும் வந்து சேர்கிறதா என்று தேடினாள். ஒன்றுமில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு காலை, யாமினி குழந்தைக்குப் பால் கொடுத்தபடி என் கைப்பேசியில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். திடீரென்று குலுங்கிச் சிரித்தாள்.

“அம்மா, இங்க பாருங்களேன், மாமாவோட தாடி!”

படத்தில் அண்ணன் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். முகம் முழுக்க வெள்ளை நுரை, சாமியார் தாடி மாதிரி. பின்னால் நீல டிரம்கள். பக்கத்தில் நான், மூக்கில் ஒரு குத்து நுரையோடு இளித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த நாள் அப்படியே ஞாபகம் வந்தது. நாலைந்து வருடம் இருக்கும், தீபாவளிக்கு முந்தைய வாரம். அண்ணன் மிதவைக்காக ஒரு பழைய சாமான் கடையிலிருந்து டிரம்கள் வாங்கி வந்து குட்டையில் அலசினார். குட்டையின் ஒரு மூலை முழுக்க நுரை பொங்கியது. காற்றில் பறந்தது. நாங்கள் எல்லோரும் அள்ளிஅள்ளி ஒருவர் மேல் ஒருவர் எறிந்தோம். “நல்ல சோப்புலா, டிரம் சுத்தமா ஆயிரும்!” என்று அண்ணன் கத்தினார். அவ்வளவு சிரித்த நாள் எங்கள் குடும்பத்தில் அதிகமில்லை.

நான் போனை வாங்கி மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

ஷாஹிதாவுக்கு உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு வேன் ஓட்டினேன். அவள் வரைபடத்தை மடியில் விரித்து, எங்கேயோ இருக்கிற ரோட்டையும் ஓடையையும் பார்த்து மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தாள். நான் சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றேன். சொன்னால் என் அண்ணன் பெயர் கெடும். சொல்லாவிட்டால் மிதவையின் டிரம்கள் குட்டையிலேயே கிடக்கும், நாளைக்கு யாரோ ஒருத்தர் தன் மகளுக்கு விரால் வாங்கிக்கொண்டு போவார்.

மூன்றாம் நாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். பின்வாசலில் உட்கார்ந்து தூண்டில் ரீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பினார். நான் கைப்பேசியிலிருந்த படத்தை நீட்டினேன்.

பார்த்தார். சிரித்தார். “இத எதுக்கு இப்ப...”

“அது சோப்பு இல்லண்ணே. தீயணைக்கிற மருந்து.”

சிரிப்பு முகத்தில் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது, போக மறந்த மாதிரி. பிறகு மிதவையைப் பார்த்தார்.

“ரெண்டு டிரம்ல அடியில கெடந்துச்சு” என்றார் மெதுவாக. “பாகு மாதிரி. குட்டைலதான் ஊத்தினேன். மூணு தடவ அலசினேன் தங்கச்சி.”

“தெரியும்ணே.”

“யாமினி புள்ள?”

“நல்லா இருக்கு. கனமா இருக்குன்னு டாக்டரே சொன்னாரு.”

ரீலைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “அந்த டாக்டர் புள்ளைக்கு போன் போடு. நீ சொல்லாத. நான் சொல்றேன்.”

போட்டுக் கொடுத்தேன். எங்கள் அண்ணன் போலீஸில் வாக்குமூலம் கொடுப்பதுபோல எழுந்து நின்று பேசினார். முழுப்பெயர், வீட்டு முகவரி, ஐசி அடையாள அட்டை எண் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் டிரம்முக்கு வந்தார். “தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நான்தான்.”

ஒரு மணி நேரத்தில் ஷாஹிதா வந்துவிட்டாள், யாரோ சக ஊழியரின் காரில். டிரம்மில் பாதி கிழிந்திருந்த லேபிளைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இதேதான், இதேதான்!” என்று குதித்தாள். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “சாரி அண்ணே” என்று தலையைக் குனிந்தாள்.

பிடிக்கலாம், தின்னக்கூடாது

அதற்கடுத்த மாதம் சுற்றுச்சூழல் இலாகாவிலிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட ஆட்கள் வந்து எட்டு டிரம்களையும் பைக்குள் பொதிந்து கொண்டுபோனார்கள். “அலசினா ஒண்ணாவது ஆகாதா? தண்ணி புடிக்க?” என்று அண்ணன் ஷாஹிதாவிடம் ரகசியமாகக் கேட்டார். அவள் பார்த்த பார்வையில் வீட்டுக்குள் போய்விட்டார்.

குட்டையிலிருந்து தண்ணீர் வெளியேறும் வாய்க்காலை மண்போட்டு அடைத்தார்கள். ஒரு மூலையில் தண்ணீரைப் பம்பு போட்டு இழுத்து, கரித்தூள் அடைத்த பெரிய தொட்டிவழியாக விட்டுப் பார்க்கிறார்கள். கரி அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளுமாம். குட்டை சுத்தமாக எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டால் ஷாஹிதா தொட்டியைப் பார்க்கப் போய்விடுவாள்.

அண்ணனை உறுத்தியது நீர்நாய்கள்தான். “நமக்காச்சும் சொல்றதுக்கு ஆளு இருக்கு. அதுங்களுக்கு யாரு சொல்வா?” என்று கரையில் நின்றபடி கேட்டார். அந்த ஏழு பேர் கும்பலில் அப்போது இரண்டு குட்டிகள் சேர்ந்திருந்தன.

வழி ஒன்று இருந்தது. இந்தக் குட்டை மீன்களைப் பிடித்துக் குறைத்தால் அவை தாமாகவே பக்கத்துக் குட்டைகளுக்குப் போகும். மருந்தேறிய மீன்களும் அப்படியே வெளியேறிவிடும். அண்ணனுக்கு இலாகாவிலிருந்து முறைப்படி ஒரு கடிதம் வந்தது, குட்டையிலிருந்து மீன்பிடித்து ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஒப்படைக்க. அதை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

ஒரு ஞாயிறு காலையில், வழக்கமாக அங்கே தூண்டில் போடுகிற எல்லோரையும் கூப்பிட்டார். இருபது பேர் இருக்கும். சீனக் கிழவர்கள், பக்கத்துக் கம்பத்துக் கிராம மலாய்க்காரர்கள், நம்மாட்கள். நடந்ததை மலாயில் ஒன்றுவிடாமல் சொன்னார். யாராவது அவர் சட்டையைப் பிடிப்பார்களோ என்று நான் கிட்டப் போய் நின்றுகொண்டேன். சொல்லி முடித்ததும் ஒரு சீனக் கிழவர் எழுந்து, நானும் நாலு டிரம் அலசியிருக்கிறேன், என்ன டிரம் என்று தெரியாது, அதையும் வந்து பாருங்கள் என்றார். இன்னொருவர் பாட்டரி உடைத்துக் கழுவியதைச் சொன்னார். ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஷாஹிதா எழுதிக்கொண்டேயிருந்தாள்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே ஒரு கூட்டம். பிடிக்கலாம், தின்னக்கூடாது. பிடித்ததெல்லாம் ஐஸ் பெட்டிக்குள், பெட்டி என் வேனுக்குள்.

நான்கு மொழியில் அறிவிப்புப் பலகையும் வைத்தோம். யாரும் படிப்பதில்லை. போன பள்ளி விடுமுறையில் சிலிம் ரிவரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அம்மா, அப்பா, மூன்று பிள்ளைகள், மசாலா, அடுப்பு, கரி. பலகைக்கு நேர் கீழேயே பாய் விரித்து, ஒரு பெரிய விராலைப் பிடித்தும் விட்டார்கள்.

அண்ணன் போய் நின்றார். “தம்பி, இந்த மீனு ஆகாது. மருந்து கலந்துருக்கு.”

“எல்லா எடத்துலயும் இப்படித்தான் எழுதி வைக்கிறாங்கண்ணே” என்று அந்தத் தகப்பன் சிரித்தார். “யாரு கலந்தா? ஃபேக்டரியா?”

“இல்லப்பா. நான்தான்.”

அந்த மனிதரின் கத்தி அப்படியே நின்றது. அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். அண்ணன் இடத்தைவிட்டு அசையவில்லை. முகத்தில் வெட்கம் இருந்தது, ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை. பலகையால் முடியாத காரியம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. அவருடைய மனைவி மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, அண்ணனிடம் நீட்டினாள்.

அதை ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிட்டு, “வாங்க, நல்ல குட்டை காட்டுறேன்” என்று அண்ணன் அடுப்பை ஒரு கையிலும் கரி மூட்டையை மறு கையிலுமாகத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். மூன்றாவது குட்டையில், எந்த மரத்துக்குக் கீழே, எவ்வளவு ஆழத்தில் போட வேண்டும் என்றுகூடச் சொல்லிக்கொடுத்தார். அரைமணி நேரத்தில் ஐந்து மீன். தூரத்தில் நீர்நாய்க் குட்டிகள் கத்திக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தன.

மத்தியானம் நான் பிள்ளைகளை ஏற்றப் போகவேண்டியதில்லை, விடுமுறை. ஆகவே இருந்து பார்த்தேன். பல மாதமாக மீனைக் கையால் தொட்டதோடு சரி, வாயில் வைக்காத என் அண்ணன், அந்தக் குடும்பத்தோடு பாயில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, மஞ்சளும் மிளகாயும் தடவிச் சுட்ட மீனை முள் எடுத்துச் சாப்பிட்டார். “உப்பு கொஞ்சம் கம்மி” என்றார். மறுபடியும் கையை நீட்டினார்.